சூரியநெல்லியில் இரண்டு இரவு



விடுமுறைக்குத் தாயகம் செல்ல எண்ணும் குடும்பங்கள், பெட்டி கட்டுவதற்கு முன்பே ஒரு கணக்குப் போடுவதுண்டு. பாட்டி வீட்டில் பத்து நாள், அத்தை வீட்டில் நான்கு நாள், குலதெய்வக் கோயிலுக்கு ஒரு நாள், திருமணங்கள் இரண்டு. எஞ்சிய நாட்களில் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது? தாய்மார் பலரும் இக்கேள்வியைக் கேட்கின்றனர். நாம் வாழும் நாடுகளில் நம் பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள், விடுமுறை வந்தால் பெற்றோருடன் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கோ காட்டோரத்துக்கோ சென்றுவிடுகிறார்கள். "நம் ஊரில் அப்படி ஓர் இடம் கிடையாதா?" என்று நம் பிள்ளைகள் கேட்பதில் வியப்பொன்றும் இல்லை.

இடம் உண்டு. சென்ற டிசம்பரில் நண்பர் குடும்பங்கள் மூன்று சேர்ந்து சூரியநெல்லிக்குச் சென்று, இரண்டு இரவுகள் கூடாரங்களில் தங்கி வந்தோம். பெரியவர் ஆறு பேர், குழந்தைகள் ஏழு பேர், இவர்களோடு நண்பர் ஒருவரின் தாயார். அந்த அம்மையாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. "கல்வீடு இருக்கும்போது துணிக்குள் போய்ப் படுப்பானேன்?" என்று புறப்படும் நாள்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்; ஆனால் வண்டியில் முதலில் ஏறி அமர்ந்தவரும் அவரே!

சூரியநெல்லி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் சின்னக்கானல் ஊராட்சியைச் சேர்ந்த சிற்றூர். மூணாற்றிலிருந்து தேவிகுளம் வழியாகக் கிழக்கே வருவோரும் அங்கே சேரலாம். தேனிப் பக்கமிருந்து போடிநாயக்கனூர், போடிமெட்டு, பூப்பாறை வழியாக மேலேறுவோரும் சேரலாம். நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தோம். போடியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியேறியவர்கள், கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டில் மாநில எல்லையைத் தாண்டியதும் சால்வையைத் தேடினோம். முதலில் ஏலக்காய்த் தோட்டங்களின் நிழல். பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. இவ்வளவு குறுகிய நேரத்தில் கோடையும் மார்கழியும் அடுத்தடுத்து வரும் வழிகள் நம் நாட்டில் சிலவே.

சூரியநெல்லிக்கு மேலே கொழுக்குமலை இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேல் உயர்ந்த அந்த மலையின் தேயிலைத் தோட்டம், உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று என்று பெயர் பெற்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொழுக்குமலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதற்கு வண்டி செல்லும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்தே போகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. மலையின் கிழக்குச் சரிவு தமிழகத்தில் நின்றது. மலைக்கு அந்தக் கோடு தெரியாது. மேகமும் யானையும் இரண்டு பக்கமும் வந்து போகின்றன.

நாங்கள் தங்கிய இடம், சூரியநெல்லிக்கு அருகே ஒருவருக்குச் சொந்தமான புல்மேடு. காவலுக்கு இருந்தவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். நாங்கள் சுமைகளை இறக்கும் முன்பே அவர் மூன்று சொற்களைச் சொல்லிவிட்டார். "கூடாரத்துக்குள்ள சாப்பாட்டுச் சாமான் எதுவும் வைக்கக்கூடாதுங்க. இருட்டினப்புறம் என்னைக் கூப்பிடாம யாரும் வெளிய வரக்கூடாது. இந்த அடுப்பைத் தவிர வேற எங்கயும் தீ வைக்கக்கூடாது." பிள்ளைகளுள் மூத்தவன், நடுவிலே பெரிய நெருப்பு மூட்டிச் சுற்றி அமர்ந்து பாடலாம் என்று கனவு கண்டு வந்தவன், அவன் முகம் வாடியது. காவலர் அவனை அருகே அழைத்து, கிழக்கே தெரிந்த மலைமுகட்டைக் காட்டி, "தம்பி, அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு ராத்திரி சொல்றேன்" என்றார். அவர் சொன்னதைப் பின்னர் எழுதுகிறேன்.

மறுநாள் விடியுமுன் எழுந்து ஜீப்பில் கொழுக்குமலைக்குப் போனோம். பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். கல்லும் பள்ளமுமாக எலும்பைக் குலுக்கிவிடும். ஆனால் உச்சியில் இறங்கியபோது யாரும் பேசவில்லை. கீழே கிழக்கில், போடியின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. பிறகு வெண்மேகம் பாலாகப் பொங்கி அவற்றை மூடியது. அந்த மேகப் பரப்பின் விளிம்பிலிருந்து கதிரவன் எழுந்தான். எதிரே 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலை பொன்னிறமாயிற்று. எழுபது வயது அம்மையார் இரு கைகளையும் கூப்பி நின்றார். அதன்பின் துணிக்குள் படுப்பதைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை.

1930-களில் எழுந்த அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலையையும் பார்த்தோம். இலையை வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவைப்பது, உலர்த்துவது, சலிப்பது என்று பழைய முறை இன்றும் கைவிடப்படவில்லை. அன்றாடம் நாம் அருந்தும் ஒரு குவளைத் தேநீருக்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள்.

கீழே இறங்கும் வழியில், பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். விரலால் கிள்ளும் வழக்கம் குறைந்து, பை பொருத்திய கத்தரியால் வெட்டும் முறை இப்போது பரவியிருக்கிறது. வண்டி நின்ற இடத்தில் ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார். நண்பரின் மனைவி தாம் வாழும் நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு, "சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம்" என்றார். அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "அட, எங்களுக்கும் அந்தப் பக்கந்தான். எங்க தாத்தா காலத்துல மலையேறினவங்க. இந்தப் பாப்பா தமிழ் பேசுமா?" நண்பரின் மகளுக்குப் பத்து வயது, வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை சொல்பவள். அன்று, "பேசுவேன் பாட்டி" என்று தமிழிலேயே சொன்னாள். "பேசணும் தாயி. எம் பேத்தி பள்ளிக்கூடத்துல மலையாளம் படிக்கிறா. வீட்டுக்குள்ள தமிழ்தான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மீண்டும் குனிந்து வேலையைத் தொடர்ந்தார். வண்டி புறப்பட்டதும் சிறுமி தாயிடம் கேட்டாள்: "அவங்களும் நம்ம மாதிரி வெளியூருக்கு வந்தவங்களா அம்மா?"

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு விடை ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு. 1877ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்னும் ஆங்கிலேயர் உரிமையாகப் பெற்றார். பிறகு தோட்டங்கள் பெருகின. காட்டை வெட்டவும் தேயிலை நடவும் ஆட்கள் தேவைப்பட்டனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிமார் குடும்பம் குடும்பமாக மக்களைத் திரட்டி வந்தார்கள். அம்மக்கள் சமவெளியிலிருந்து சுமையோடு கால்நடையாக மலையேறினர். தேயிலையோ குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் கீழிறங்கிற்று. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்துவிட்டது. பாதை போயிற்று, மக்கள் நின்றார்கள். இன்றும் லயங்களில் அவர்களுடைய வழிவந்தோர் வாழ்கின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளும் அம்மலைகளில் உண்டு. அவர்களுக்கும் முன்பே, மதுரையிலிருந்து வந்ததாகத் தம் மரபில் சொல்லிக்கொள்ளும் முதுவர் என்னும் மலைக்குடியினர் அங்கே வாழ்ந்து வந்தனர். ஆகவே, நாம் வேடிக்கை பார்க்கப் போகும் மலை, நமக்கு முன்னே ஊர் விட்டு வந்தவர்களின் வீடு. அங்கே நாம் விருந்தாளிகள்.

விருந்தாளி என்ற இச்சொல்லை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்மலையில் மனிதரைவிட மூத்த வீட்டுக்காரரும் இருக்கிறார், அவர் யானையார். சின்னக்கானலுக்கு அருகே உள்ள அணையின் பெயரே ஆனையிறங்கல். யானைகள் இறங்கி வரும் இடம் என்பது பொருள். 1960-களில் பன்னியாற்று மின்திட்டத்துக்காக அங்கே அணை எழுந்தது. 2003ஆம் ஆண்டையொட்டி, நிலமற்ற பழங்குடிக் குடும்பங்கள் 301 பேருக்கு அரசு சின்னக்கானலில் நிலம் கொடுத்துக் குடியேற்றியது. அது யானைகள் நடமாடும் இடம். குடிசைகளும் பயிர்களும் அழிந்தன; உயிர்களும் போயின; பல குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. வறுமையால் குடிசையில் படுத்தவர்களுக்கு யானைப் பயம் ஒவ்வோர் இரவும் உண்டு. நாம் இரண்டு இரவு விரும்பிப் படுத்துவிட்டு வருகிறோம். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அரிக்கொம்பன் என்னும் யானையின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'அரி' என்றால் மலையாளத்தில் அரிசி. நியாயவிலைக் கடைச் சுவரை இடித்து அரிசி தின்ற காரணத்தால் அதற்கு அப்பெயர் வந்தது. 2023 ஏப்ரல் 29ஆம் நாள் சின்னக்கானலில் அதைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகரத் தெருக்களுக்குள் நுழைந்தது. ஜூன் 5ஆம் நாள் தமிழக வனத்துறையினர் மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசென்று விட்டனர். அதுவும் ஊர் விட்டு ஊர் பெயர்க்கப்பட்ட உயிரே. உணவின் மணம் யானையை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு அதன் வரலாறே சான்று. கூடாரத்துக்குள் வாழைப்பழச் சீப்பையும் முறுக்குப் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு உறங்குவோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், கூடார விடுதி ஒன்றில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானையால் கொல்லப்பட்டார். துணிச்சுவர் யானைக்குச் சுவரன்று.

இனி, காவலர் இரவில் சொன்ன கதைக்கு வருகிறேன். அது கதையன்று, 2018 மார்ச் 11ஆம் நாள் நடந்தது. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர், முதல்நாள் குரங்கணியிலிருந்து ஏறி, கொழுக்குமலையில் இரவு தங்கினர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்த வைக்கோலாக நிற்கும். சரிவில் பற்றும் தீ, கீழிருந்து மேலே ஏறும்போது சமதரையில் பரவுவதைவிட விரைந்து ஓடும். மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திக்கொண்டு வரும். காற்றும் சேர்ந்துகொண்டால் மனிதக் கால்கள் அதை வெல்ல முடியாது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இளைஞர்களும் இளம்பெண்களுமே மிகுதி. மறுநாள் விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனால் தீ தெரிந்தவுடனே பள்ளத்துக்குள் ஓடி இறங்கி, காயமுற்றோருக்குத் தண்ணீர் கொடுத்துத் தூக்கி வந்தவர்கள் குரங்கணியைச் சுற்றியுள்ள எளிய மக்களே. விருந்தாளிகளைக் காக்க வீட்டுக்காரர்கள் நெருப்புக்குள் இறங்கினார்கள்.

காவலர் இதைச் சொல்லி முடித்தபோது அடுப்பில் இருந்த தணல்கூட அவிந்திருந்தது. பெரிய நெருப்பு மூட்ட விரும்பிய பையன், தானே எழுந்து ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினான். யாரும் அவனை ஏவவில்லை.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர். உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் விழிக்கவில்லை. ஆடி, ஆவணியில் அம்மலைகளின் அழகைப் படத்தில் கண்டு மயங்கி, ஓடைக்கரையிலோ செங்குத்தான சரிவின் அடியிலோ குழந்தைகளோடு கூடாரம் அடிக்க எண்ணுபவர்கள் அந்த லயங்களை ஒரு கணம் நினைக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் படித்து, "இவ்வளவு ஆபத்தா? போகவே வேண்டாம்" என்று எந்தத் தாயும் முடிவு செய்துவிடக் கூடாது. போகவேண்டும், பிள்ளைகளோடு போகவேண்டும், நண்பர் குடும்பங்களோடு சேர்ந்து போகவேண்டும். ஒரே பானையில் கஞ்சி காய்ச்சி, ஒரே விளக்கொளியில் அமர்ந்து உண்ட பிள்ளைகள், நெடுங்காலம் உடன்பிறந்தார்போல் பழகுவார்கள். எங்கள் ஏழு குழந்தைகளும் இரண்டாம் நாள் மாலைக்குள் கைப்பேசியைத் தேடுவதை மறந்து, பாட்டியைச் சுற்றி அமர்ந்து விடுகதை கேட்டார்கள். கையாலேயே பாத்திரம் துலக்கினார்கள். இரவு வானத்தில் எத்தனை விண்மீன்கள் இருக்கின்றன என்பதை முதன்முறையாகக் கண்டார்கள். இப்பேறு விடுதி அறையில் கிடைக்காது.

போகிறவர்கள் மனத்திற்கொள்ளவேண்டியவை சில. மழை ஓய்ந்து, புல் காயாமல் பசுமையாக இருக்கும் டிசம்பரும் ஜனவரியும் குடும்பத்தோடு செல்ல ஏற்ற மாதங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து கோடைமழை பெய்யும் வரை தீக்காலம். அப்போது புல்மலைகளில் நடைப்பயணத்தைத் தவிர்ப்பதே நலம். வனத்துறையின் இசைவின்றிக் காட்டு நிலத்தில் கூடாரம் அடிப்பது குற்றம். காவலும் அடுப்பங்கரையும் கழிப்பறையும் உள்ள இடத்தையே நாடவேண்டும். மழை எச்சரிக்கை நாளில் மாவட்ட நிர்வாகம் வழியை அடைத்தால், பணம் போயிற்றே என்று வாதிடாமல் திரும்பிவிடவேண்டும். உணவுப் பொருள்களை இரவில் கூடாரத்துக்கு வெளியே, காவலர் சொல்லும் அறையில் வைக்கவேண்டும். யானை எங்கே நிற்கிறது என்பதை அவ்வூர் மக்களிடம் ஒவ்வொரு மாலையும் கேட்டறியவேண்டும். பக்கத்து மலையான வால்பாறையில், யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் ஊருக்கு அறிவிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. எங்கும் அப்படி விளக்கு எரியாது. ஆனால் எந்த ஊரிலும் கேட்டால் சொல்ல ஓர் ஆள் உண்டு. கொண்டுசென்ற காகிதமும் பிளாஸ்டிக்கும் நம்மோடே திரும்பவேண்டும். 2018இல் அம்மலைகளில் பூத்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. அடுத்து 2030இல் அது பூக்கும் நாளில், நாம் விட்டுவந்த பொட்டலங்கள் அதன் வேரில் கிடக்கலாகாது.

இன்னும் ஒன்று. லயத்து வாயிலில் நிற்கும் குழந்தைகளையும், கொழுந்தெடுக்கும் பெண்களையும் கேட்காமல் படம் பிடிக்கவேண்டாம். நின்று இரண்டு சொல் பேசுங்கள். தேநீர்க் கடையில் அமர்ந்து அவ்வூர்த் தேநீரையே குடியுங்கள். உங்கள் பிள்ளை தமிழில் ஒரு சொல் பேசினால் அவர்கள் அடையும் மகிழ்ச்சிக்கு விலை கிடையாது.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது பழமொழி. விருந்தாளியாக இருக்கும் முறையை நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்து வாழ்பவர்க்கு யாரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. புதிய நாட்டில் கால் வைத்த முதல் வாரத்தில் நாம் என்ன செய்தோம்? குப்பையை எந்த நாளில் எந்தத் தொட்டியில் இடுவது, இரவில் எந்த மணிக்குப் பிறகு ஓசை அடங்கவேண்டும், வரிசையில் எங்கே நிற்பது என்று அண்டை வீட்டாரைக் கேட்டுக் கேட்டு அறிந்தோம். கேட்பதில் நமக்கு வெட்கம் இருக்கவில்லை. அவ்வளவு அடக்கமாக அயலூரில் வாழும் நாம், தாயகம் திரும்பியதும், "நம் மண்தானே, யார் கேட்பது?" என்று மார்தட்டுவது முறையா? நம் மண் என்பதால்தான் கேட்டு நடக்கவேண்டும். அங்கே நமக்கு முன்னே குடியேறி, மழையையும் தீயையும் யானையையும் அறிந்து, இன்னும் தமிழ் பேசி வாழும் மூத்த உறவினர் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் சொல் கேட்டு நடந்தால் விருந்து இனிக்கும். மலையும் நம் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

இவ்விடுமுறையில் மலைக்குச் செல்லும் குடும்பத்தார், திரும்பிவந்தபின் தங்கள் அனுபவத்தை இப்பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளையும் தம் கையாலேயே தமிழில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்.